ஒன்றுக்கு அடுத்தது பத்து

அத்தியாயம் 8

யசோதராவின் பிரவுசிங் சென்டர் கண்ணாடியை உடைத்தவர்கள், போகிற போக்கில் கதவில் ஒரு செருப்பு மாலையையும் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ரஹீமுன்னிசா அதை ஒரே இழுப்பில் பிய்த்துச் சாக்கடையில் எறிந்தாள்.

"அந்த ரெண்டாவது செருப்பு நல்லா கீதுக்கா. என் சைஸு," என்றான் தீனா.

"வாய மூட்றா. இல்ல, அத்தயே உன் வாயில வெப்பேன்."

தீனா மூடினான். ரஹீமுன்னிசாவுக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கும். இந்தக் கேஸை எடுத்த நேற்றிலிருந்தே சிவந்துதான் இருந்தது. துறைமுகத்தில் பெண் பயணிகளைச் சோதனை போடும் வேலையில் இருந்தவள் அவள். யாருக்கும் வளையத் தெரியாததால் வேலையை விட்டாள். இப்போது ராயபுரம் கல்மண்டபத்தில் ஒரு மாடி அறை, ஒரு மேஜை, 'துப்பறியும் நிலையம்' என்று ஒரு போர்டு. ஷேர் ஆட்டோ ஓட்டும் தீனாதான் உதவியாளன், டிரைவர், சில நாள் எரிச்சல்.

உள்ளே, உடைந்த மானிட்டர்களுக்கு நடுவே யசோதரா உட்கார்ந்திருந்தாள். வயது இருபத்தைந்து. புளியந்தோப்பு ஹவுசிங் போர்டிலிருந்து வந்து, வியாசர்பாடியில் சொந்தமாகக் கடை போட்டு, கம்பெனிகளுக்கு வெப் பக்கம் எழுதிக் கொடுக்கிற பெண். அழுது முடித்துவிட்ட முகம்.

"சாயந்திரம் ஆறு மணிக்கு ஸ்டேஷனுக்கு வரணும்னு இன்ஸ்பெக்டர் ஜார்ஜ் சொல்லிட்டாருக்கா. போனா திரும்பி வர மாட்டேன். ஜெயவேல் அண்ணன் என் பக்கத்து பிளாக். நான் அவரைக் கொன்னுட்டேன்னு எங்க தெருவே நம்புது."

"நீ கொன்னியா?"

"இல்ல."

"அப்ப அழாத. இன்னா நடந்திச்சின்னு மறுபடியும் சொல்லு. தீனாவுக்குப் புரியிற மாதிரி."

"அவனுக்கா?" என்றாள் யசோதரா, அந்த நிலையிலும்.

"பாத்தியாக்கா, ஜெயிலுக்குப் போறப்பகூட நம்மள ஓட்றாங்கோ," என்றான் தீனா.

நடந்தது இதுதான். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டு. கப்பலில் வரும் பருப்புக் கன்டெய்னர்களுக்குள் பூச்சி மருந்துப் புகை அடைத்திருப்பார்கள். கதவில் மண்டையோடு படம் ஒட்டியிருக்கும். புகையை வெளியேற்றி, டெஸ்ட் செய்து, பாஸ் ஆன பிறகுதான் லோடுமேன்கள் உள்ளே போகலாம். எந்தெந்த லைன் கன்டெய்னர்களைத் திறக்கலாம் என்று காட்டுகிற ஸ்கிரீனுக்குப் பக்கம் எழுதிக் கொடுத்தவள் யசோதரா. திங்கட்கிழமை பத்தாம் லைனைத் திறந்து உள்ளே போன ஜெயவேல், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, ஆஸ்பத்திரி போகும் முன்பே செத்துப்போனான். டெஸ்ட் ஆகாத கன்டெய்னர் அது. அன்றைய ஸ்கிரீனில் பத்தாம் லைனும் இருந்தது என்று சொல்லி, பிரிண்ட் எடுத்த ஒரு தாளைப் போலீஸிடம் கொடுத்திருந்தார் யார்டு மேனேஜர் தங்கப்பாண்டி. 'அந்தப் பொண்ணு எழுதின புரோகிராம் தப்பு' என்று ஒரே வரியில் கேஸை முடித்தும் விட்டார்.

"ஸ்கிரீன் எப்படி வேலை செய்யுது?" என்றாள் ரஹீமுன்னிசா.

"எல்லா லைனும் ஒரு அரேல இருக்கும். அரேன்னா வரிசை. அதுல ஃபில்டர்னு ஒண்ணு போட்டிருக்கேன். அது ஒவ்வொரு லைனையும் கூப்பிட்டு 'நீ டெஸ்ட் பாஸா?'ன்னு கேக்கும். பாஸ்னா மட்டும் புது வரிசைல சேக்கும். அப்புறம் சார்ட், அது ஒழுங்கா அடுக்கும். கடைசில மேப், அது ஒவ்வொண்ணையும் ஸ்கிரீன்ல பச்சை எழுத்தா மாத்தும். மூணுமே நான் கண்டுபிடிச்சது இல்லக்கா. மொழிக்குள்ளேயே ரெடியா இருக்கறது. ஃபில்டர் புதுசுங்கறதால, அதுக்குன்னே புது பிரவுசர்கூட போட்டுக் குடுத்தேன்."

"கல்யாண மண்டப வாசல்ல நிக்கற மாமா மாதிரி. பத்திரிக கீறவன மட்டும் உள்ள வுடுவாரு," என்றான் தீனா.

"அதேதான்!" என்றாள் யசோதரா ஆச்சரியமாக.

"அந்த மாமா ஏமாந்து ஒருத்தன உள்ள விட்டிருந்தா?" என்றாள் ரஹீமுன்னிசா.

"விடாது. ஆனா அதை நிரூபிக்க முடியல. பழைய நாள் கணக்கு எதுவும் அந்த மெஷின்ல நிக்காது. காலைல புதுசா ஆரம்பிக்கும். அந்தத் தாளுக்கு எதிரா என் வாய்தான் சாட்சி."

ரஹீமுன்னிசா கைப்பையிலிருந்து அந்தத் தாளின் ஜெராக்ஸை எடுத்தாள். 'திறக்கலாம்' என்ற தலைப்பு. கீழே, லைன் 1, 4, 7, 10, 12. அவ்வளவுதான். காலையிலிருந்து அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண் வலித்தது.

"கெளம்பு. யார்டுக்குப் போறோம்."

"என்னைப் பாத்தா அடிச்சே போட்டுடுவாங்கக்கா!"

"துப்பட்டாவ மூஞ்சில சுத்து. ஸ்கூட்டி ஓட்ற பொண்ணுங்க மெட்ராஸ்ல பாதிப் பேரு தீவிரவாதி மாதிரிதான் போறாங்க. எவன் கேக்கறான்?"

*

யார்டு வாசலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், அவிழ்ந்த தலையோடு மலர்க்கொடி. ஜெயவேலின் மனைவி. மடியில் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். ஷேர் ஆட்டோ கடந்தபோது அவள் நிமிர்ந்து பார்த்தாள். யசோதரா துப்பட்டாவுக்குள் இன்னும் சுருங்கினாள்.

"நாலு நாளா இங்கேயே உக்காந்துகினு கீது," என்றான் தீனா மெதுவாக. இந்த முறை அவன் வாயில் கிண்டல் வரவில்லை.

உள்ளே போவதற்கு அஜீசுன்னிசா கைகொடுத்தாள். ரஹீமுன்னிசாவின் பெரியம்மா மகள்; வயதில் மூத்த 'ஆபா', அதாவது அக்கா. யார்டுக்குள் தள்ளுவண்டியில் டீ விற்க அவளுக்கு மட்டும்தான் அனுமதி. "எங்க ஆளுங்கோ, பால் கேன் தூக்க வந்துக்கிறாங்கோ" என்று சொல்லி மூன்று பேரையும் கூட்டிப் போனாள். போனவள் முதலில் டீ தரவில்லை. முழங்காலைக் காட்டி முறையிட்டாள்.

"பாரு ரஹீமா, இன்னா வீக்கம்னு. ஒண்ணாம் லைன்ல டீ ஊத்தறேனா? ஆறிப்போறதுக்குள்ள பதினொண்ணுக்கு ஓடணும். அந்தாண்ட கோடி! அப்பறம் திரும்பி மூணாம் லைனு. இப்டியே தெனமும். இன்னா கலீஜ் வரிசையோ!"

"ஏன் ஆபா அப்டி? கிட்ட இருக்கற லைனா பாத்து ஊத்து."

"ஆளுங்க எங்க கீறாங்களோ அங்கதான டீ? அவுங்க அப்டித்தான் போறாங்கோ. ஸ்கிரீன்ல எப்டி கீதோ அப்டித்தான் தொறக்கணுமாம். மேனேஜரு ஆர்டரு. மாத்தித் தொறந்தா அன்னிக்கி கூலி கெடையாது. ஒருத்தனும் மீற மாட்டான்."

ரஹீமுன்னிசாவின் கையிலிருந்த டீ கிளாஸ் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"அந்த ஸ்கிரீன் எங்க?"

வாட்ச்மேன் கேபினுக்குள், கம்பி வலைக்குப் பின்னால் ஒரு பழைய மானிட்டர். வாட்ச்மேனை அஜீசுன்னிசா டீயோடு வெளியே இழுத்துப் பேச்சுக் கொடுத்தாள். ஸ்கிரீனில் பச்சை எழுத்தில் இன்றைய லைன்கள். 1, 11, 3, 8.

யசோதரா துப்பட்டாவை இறக்கினாள்.

"ஐயோ," என்றாள். "ஐயய்யோ."

"இன்னா?"

"சார்ட்... நம்பரை எழுத்தா நெனச்சு அடுக்குது. அதுக்கு எதுவும் சொல்லலைன்னா, டிக்‌ஷனரில வார்த்தையை அடுக்கற மாதிரிதான் அடுக்கும். மொதல் எழுத்தைத்தான் மொதல்ல பாக்கும். பதினொண்ணுக்கு மொதல் எழுத்து ஒண்ணு. அதனால ஒண்ணு பக்கத்துல போய் நிக்குது. மூணும் எட்டும் பின்னாடி போயிடுது."

"அப்ப ரேஷன் கடைல பத்தாவதா நிக்கறவன் ரெண்டாவதா சக்கர வாங்கினு போய்டுவான்," என்றான் தீனா. "சூப்பர் மிஷினு."

"நான் எழுதறப்ப இங்க ஒம்போது லைன்தான் இருந்துச்சு. ஒத்தை நம்பர்ல இந்தத் தப்பு தெரியவே தெரியாது. அப்புறம் பன்னெண்டா ஆக்கியிருக்காங்க. எனக்கு யாரும் சொல்லல. ச்சே! எவ்வளவு சின்னத் தப்பு! ரெண்டு நம்பரைக் கழிச்சுப் பாத்து அடுக்குன்னு ஒரு வரி சேத்திருந்தா..."

சொல்லிக்கொண்டே அவள் உட்கார்ந்துவிட்டாள். கை கீபோர்டுக்குப் போய்விட்டது. தன் தப்பைக் கண்ணால் பார்த்த எந்தப் புரோகிராமரும் செய்கிற காரியம். ஃபைலைத் திறந்து, அந்த வரிக்குப் போய், விரல் எழுதத் தொடங்கியே விட்டது.

ரஹீமுன்னிசா அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினாள்.

"அதுல கைய வெச்ச, வெரல ஒடச்சிடுவேன்!"

"அக்கா! தப்புக்கா அது! சரி பண்ண அரை நிமிஷம்கூட ஆவாது!"

"சரி பண்ணிட்டு ஜெயிலுக்குப் போறியா? எழுந்திரு. எழுதினத அழி. எப்டி இருந்திச்சோ அப்டியே வுடு."

யசோதரா புரியாமல் அழித்தாள். ரஹீமுன்னிசா அந்த ஜெராக்ஸை எடுத்து மானிட்டருக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"படி."

"ஒண்ணு, நாலு, ஏழு, பத்து..." யசோதரா நிறுத்தினாள். வாய் திறந்தபடி இருந்தது.

"உன் மிஷினுக்கு இப்டி அடுக்கத் தெரியுமா?"

"தெரியாது. பத்தும் பன்னெண்டும் ஒண்ணுக்குப் பக்கத்துல வந்திருக்கணும். ஒண்ணு, பத்து, பன்னெண்டு, நாலு, ஏழு. இந்தத் தாள் இதுலேர்ந்து வரல. யாரோ மனுஷன் டைப் அடிச்சிருக்கான்."

"ஒழுங்கா எண்ணத் தெரிஞ்ச மனுஷன்," என்றான் தீனா. "அதான் மாட்டிகினான்."

அஜீசுன்னிசா தலையை உள்ளே நீட்டினாள். "சீக்கிரம் வாங்கோ. சாயங்காலம் ஆளு வர்றாங்களாம், இந்த மிஷினத் தொடச்சிட்டுப் புதுசு போட. வாட்ச்மேன் சொல்றான்."

ரஹீமுன்னிசாவின் மூக்கு நுனி மிளகாய்ப் பழமாகிவிட்டது. ஒருவனைச் சாகடித்துவிட்டு, அவனோடு ஒரே தண்ணீர்க் குழாயில் குடம் பிடித்து வளர்ந்த பெண்ணின் தலையில் அதைக் கட்டி, மிச்சமிருப்பதையும் துடைக்க ஆள் ஏற்பாடு செய்துவிட்டு, அந்த மனிதர் மாடியில் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"வாட்ச்மேன் கேபினுக்குப் பூட்டு இருக்கா?"

"கீதுக்கா," என்றான் தீனா.

"பூட்டு. சாவிய உன் ஜோபில போட்டுக்க. வாட்ச்மேன் கேட்டா, அழு."

*

தங்கப்பாண்டியின் அறையில் இன்ஸ்பெக்டர் ஜார்ஜ் இருந்தார். முன்னால் பாதி தின்ற முந்திரி பக்கோடா. துப்பட்டா இல்லாமல் உள்ளே வந்த யசோதராவைப் பார்த்ததும் மேனேஜர் எழுந்துவிட்டார்.

"இந்தப் பிள்ளைய எவன் உள்ள விட்டான்?"

"நான்தான் கூட்டினு வந்தேன்," என்றாள் ரஹீமுன்னிசா. "சார், இந்தத் தாளு ஸ்கிரீன்ல இருந்து அப்படியே எடுத்த பிரிண்டுன்னு இவர்தான உங்க கிட்ட எழுதிக் குடுத்தாரு?"

"ஆமா," என்றார் ஜார்ஜ்.

"ஒரு நம்பர்கூட மாறாம?"

"அப்படியேதான்னு சொன்னார்."

ஸ்கிரீன் நம்பரை அடுக்குகிற விதத்தை ரஹீமுன்னிசா சொன்னாள். இன்ஸ்பெக்டரை ஜன்னலுக்கு அழைத்துப் போய், கீழே லோடுமேன்கள் பதினொன்றாம் லைனிலிருந்து மூன்றுக்கு நடந்து வருவதைக் காட்டினாள். ஜார்ஜ் பக்கோடாவைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"என்ன தங்கப்பாண்டி இது?"

தங்கப்பாண்டி ஒரு கணம்தான் தடுமாறினார். பிறகு சிரித்தார். நல்ல மனுஷன் சிரிப்பு. கடை கடையாக ஏறி வியாபாரம் படித்தவரின் சிரிப்பு.

"இதுக்கா இவ்வளவு சத்தம்? ஸ்கிரீன்ல கன்னாபின்னான்னு கெடந்துது. சாருக்குப் புரியணுமேன்னு நான்தான் எக்ஸல்ல போட்டு ஒழுங்கா அடுக்கி பிரிண்ட் எடுத்தேன். அடுக்குனது தப்புன்னா மன்னிச்சுக்கிடுங்க. ஆனா நம்பர் எல்லாம் ஸ்கிரீன்ல இருந்ததுதான். பத்தும் இருந்துது. இல்லைன்னு இந்தப் பிள்ளையால நிரூபிக்க முடியுமா, கேளுங்க."

ஜார்ஜ் யசோதராவைப் பார்த்தார். யசோதரா தரையைப் பார்த்தாள். தாள் ஸ்கிரீனிலிருந்து அப்படியே வந்ததல்ல என்று காட்டியாயிற்று. ஆனால் அந்த ஆள் சொல்வதும் நடந்திருக்கக்கூடியதுதான். தீனாவின் முகத்தில் கூட ஈயாடவில்லை.

"இப்பவாவது கூட்டிட்டுப் போங்க சார்," என்றார் தங்கப்பாண்டி. "வேலை கெடக்கு."

"மத்த லோடுமேனுங்க எங்க? ஜெயவேலோட வேலை செஞ்சவங்க?" என்றாள் ரஹீமுன்னிசா.

"மீஞ்சூர் பக்கம் வேற வேலைக்கு அனுப்பியிருக்கேன். ரெண்டு வாரம் ஆகும் வர."

"அனுப்புவ." அவள் ஜன்னலருகே நின்று வாசலைப் பார்த்தாள். அங்கே மலர்க்கொடியின் மடியில் டிபன் பாக்ஸ் வெயிலில் பளபளத்தது. நான்கு நாளாக அந்த டிபன் பாக்ஸை இவள் ஏன் கீழே வைக்கவில்லை?

"தீனா! மலர்க்கொடிய மேல கூட்டினு வா."

மலர்க்கொடி வந்தாள். யசோதராவைப் பார்த்ததும் பாய்ந்தாள். தீனா இடுப்பைப் பிடித்து நிறுத்தாவிட்டால் கண்ணைப் பிடுங்கியிருப்பாள்.

"இவள இன்னாத்துக்கு இங்க குந்த வெச்சிக்கிறீங்கோ? ஒரே கொழாயாண்ட தண்ணி புடிச்சவ! எம் புருஷன அடக்கம் பண்ண வெச்சிட்டியேடி!"

"இரு, அப்பறம் அடிக்கலாம்," என்றாள் ரஹீமுன்னிசா. "மொதல்ல எனக்கு ஒண்ணு சொல்லு. அன்னிக்கி மத்தியானம் நீ அவருக்குச் சோறு எடுத்துகினு வந்தியா?"

மலர்க்கொடியின் கை டிபன் பாக்ஸை இறுக்கியது. "வந்தேன்."

"உள்ள எங்க போய்க் குடுத்த?"

"எங்க குடுத்தேன்? தொரத்தினு ஓடினேன். ஒண்ணாம் லைனாண்ட போனா, பன்னண்டுக்குப் போய்க்கிறாங்கோன்னாங்க. கோடி வரிக்கும் நடந்தேன். அங்க போனா, நாலுக்குப் போய்ட்டாங்களாம். அப்பறம் ஏழாம் லைனாண்டதான் புடிச்சேன். அங்கயே குந்தி துன்னாரு."

"ஒண்ணு, பன்னண்டு, நாலு, ஏழு," என்றாள் ரஹீமுன்னிசா ஒவ்வொன்றாக. "பத்துக்குப் போகலியா?"

"பத்த தாண்டித்தான பன்னண்டுக்குப் போனேன். சாத்திகினு இருந்திச்சி. மண்டையோடு படம் ஒட்டிகினு. பயந்துகினு ஒதுங்கிப் போனேன்." அவள் டிபன் பாக்ஸ் மூடியைத் தடவினாள். "சாப்ட்டு முட்ச்சிட்டு இன்னா சொன்னாரு தெரியுமா? 'ஸ்கிரீன்ல அவ்ளோதான் மலரு, இன்னிக்கி சீக்கிரம் வூட்டுக்கு வந்துட்றேன்'னாரு."

யசோதரா மெல்ல நிமிர்ந்தாள்.

"சார்," என்றாள் ரஹீமுன்னிசா. இப்போது அவள் கத்தவில்லை. "எந்த எக்ஸல்லயும் அடுக்கிக்கட்டும். ஸ்கிரீன்ல பத்து இருந்திருந்தா, அது ஒண்ணுக்கு அடுத்து நின்னிருக்கும். கூலி போயிடும்னு பயந்து ஆளுங்க ஒண்ண முடிச்சிட்டு நேரா பத்துக்குத்தான் போயிருப்பாங்க. இவங்க போனது பன்னண்டுக்கு. ஸ்கிரீன்ல பத்து இல்ல. லிஸ்ட்டு முடிஞ்ச பிறகு, டெஸ்ட் ஆகாத கன்டெய்னரத் தொறக்கச் சொன்னது மிஷின் இல்ல. வாயால சொன்னாங்க. இந்த யார்டுல ஸ்கிரீன மீறி ஆர்டர் போட யாருக்கு வாய் இருக்கு?"

ஜார்ஜ் திரும்பினார். தங்கப்பாண்டியின் சிரிப்பு அதே இடத்தில் இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் ஆள் இல்லை.

"பார்ட்டி வந்து உசிர வாங்கினான் சார்," என்றார். "பருப்பு அன்னிக்கே வேணும்னான். ஒரு கன்டெய்னர்தானேன்னு... இதுக்கு முன்ன எத்தனையோ தடவை ஒண்ணும் ஆகல..."

"எத்தனையோ தடவையா?" ரஹீமுன்னிசா மேஜையிலிருந்த பக்கோடாத் தட்டை எடுத்துச் சுவரில் அடித்தாள். "எத்தினி பேர அந்த விஷப் பொகைக்குள்ள அனுப்பினடா!"

யாரும் அவளைத் தடுக்கவில்லை. ஜார்ஜ் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, "நடங்க தங்கப்பாண்டி," என்றார்.

மலர்க்கொடி அசையாமல் நின்றாள். அவளுக்கு எல்லாம் புரிய நேரம் பிடித்தது. புரிந்தபோது அழுகை வரவில்லை. வாசலைத் தாண்டிய தங்கப்பாண்டியின் முதுகில் அந்த டிபன் பாக்ஸ் டங்கென்று விழுந்தது. குறி தப்பவில்லை.

*

வாட்ச்மேன் கேபினை ஜார்ஜ் சீல் வைக்கப் போகிறார் என்றார்கள். "அதுக்கு முன்னாடி அந்தத் தப்பைச் சரி பண்ணிடும்மா," என்றார் அவர் யசோதராவிடம், நல்லது செய்கிற நினைப்பில். "நாளைக்கு ஆளுங்க நேரா நடக்கட்டும்."

தீனா பூட்டைத் திறந்துவிட, யசோதரா உள்ளே போய்க் கீபோர்டுக்கு முன்னால் நின்றாள். ஸ்கிரீனில் இன்னும் 1, 11, 3, 8. அவள் வெட்கப்பட்ட வரி அது. அவள் பேருக்கு இழுக்கு. கை தானாக எழுந்தது.

பின்னாலிருந்து ஒரு கை அதைப் பிடித்தது. ரஹீமுன்னிசா இல்லை. மலர்க்கொடி. உள்ளங்கை காய்ந்து சொரசொரப்பாக இருந்தது. யசோதராவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. ஸ்கிரீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாத்தாத," என்றாள் மலர்க்கொடி. "கோர்ட்டுல அந்தாளு இல்லன்னுவான். கேசு முடியற வரிக்கும் அது தப்பாவே இருக்கட்டும்டி."